அப்பாவின் காதில் ஒரு டக்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் அது பாதிதான் உண்மை, நீயாவது வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க வேண்டும். அப்பா போனில் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் என்னிடம் கொடுத்துவிடுகிறார், நான் தூரத்து வேலைக்குப் போனதில் அவருக்கு இன்னும் கோபமா என்று போன வாரம் அழுதாயே, அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும். போனில் சொன்னால் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார், அதனால்தான் எழுதுகிறேன்.

ஊருக்குத் தண்ணீர் விடும் பம்பின் மேல் இரும்புக் கம்பியை வைத்து, மறுமுனையை வலது காதில் ஒட்டி, பேரிங் எப்படி இருக்கிறது என்று அப்பா சொல்லுவாரே, போன மாதம் ஒரு கையில் டீயோடு அப்படிக் கேட்டவர் உள்ளே டக் டக்கென்று அடிக்கிறது, பேரிங் போச்சு என்று சொல்லிவிட்டார். தண்ணீரை நிறுத்திப் பம்பைப் பிரித்துப் போட்டார்கள், பாதி ஊர் குடத்தோடு அலைந்தது, பேரிங் கல்லுமாதிரி இருந்தது. பம்பு துண்டுதுண்டாகத் தரையில் கிடக்க இவர் மிச்ச டீயைக் குடித்திருக்கிறார், மறுபடியும் டக். அப்போதுதான் விழுங்கும்போது தன் காதில்தான் சத்தம் வருகிறது என்று புரிந்திருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டில் வாயில் வைத்த கவளத்தை விழுங்காமல் உட்கார்ந்திருப்பார், என் சமையல்தான் இறங்கவில்லையாக்கும் என்று நானும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். கடைசியில் விஷயத்தைக் கறந்து, காது டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

மூக்கின் பின்னாலிருந்து காதுக்கு ஒரு சின்னக் குழாய் போகிறதாம், விழுங்கும்போது அது திறந்து மூடுமாம், சளி இருந்தால் ஒட்டிக்கொண்டு திறப்பதால் டக்கென்று கேட்குமாம். பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். எனக்கு உயிர் வந்தது. ஆனால் சந்தேகத்துக்குக் காதைச் சோதித்துப் பார்த்துவிட்டு, வலது காது பம்புச் சத்தத்தில் ரொம்ப நாளாகவே மந்தமாகிவிட்டது, இனித் திரும்பாது, வெளிச் சத்தம் குறைந்ததால்தான் உள்சத்தம் பெரிதாகக் கேட்கிறது என்றார். அந்தக் காதில்தான் அவர் போனையும் வைக்கிறார். உன் குரல் அவருக்குச் சரியாகவே கேட்கவில்லையடி. திரும்பி வரும்போது பிள்ளையிடம் சொல்லிவிடலாம் என்றேன். நடுத்தெருவில் நின்றுவிட்டார். “அவகிட்ட சொல்லாத. நான் கோவமா இருக்கேன்னே நினைச்சுக்கட்டும். காது கேக்கலன்னு தெரிஞ்சா வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவா” என்றார்.

சொல்லிவிட்டேன், நீ கிளம்பி வந்துவிடாதே, அதை அவர் தாங்கமாட்டார். அடுத்த முறை போனை இடது காதில் நானே வைக்கிறேன். கத்தாதே, நிறுத்தி நிதானமாகப் பேசு. உனக்கு ஒரு குறையும் வராமல் நன்றாக இரு கண்ணே, சளி பிடித்தால் மூக்கை அழுத்திச் சிந்தாதே. அப்பா பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தரம் சொல்.

உன் அம்மா