சேவியரின் இடது முட்டி

14.8.94, ஞாயிறு

இன்று அரையிறுதியில் எங்கள் மந்தைவெளி ஹாக்கி கிளப் ஜெயித்தது. ஒரே கோல், அதுவும் கோல்கீப்பரை மட்டும் எதிரே நிறுத்தி அடிக்கும் பெனால்ட்டி ஸ்ட்ரோக்கில். தோற்றது சேவியர் நின்ற பேங்க் டீம்.

ஏழு வருஷம் எங்கள் கோல்கீப்பராக இருந்தவன் சேவியர். வேலை தருகிறோம் என்றதால் பேங்க்குக்குப் போனான். இந்த சீசன் ஒழுங்காக ஆடினால்தான் வேலை நிரந்தரம். போன மாதம் பெசன்ட் நகர் கடற்கரையில் என்னிடம் சொன்னான்: "லெஃப்ட் முட்டி போச்சுடா. அந்தப் பக்கம் வுழ முடியல. யார்கிட்டயும் சொல்லிடாத."

நான் வழக்கம்போல கோலுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். ஏழு வருஷமாக அவனுக்காகத் தொண்டை கிழியக் கத்திய இடம். அம்பயர் ஸ்ட்ரோக் கொடுத்ததும், "அவன் லெஃப்ட்ல அடி, அவனால வுழ முடியாது!" என்று கத்திவிட்டேன். யோசிக்கவே இல்லை. எங்கள் ஆள் அப்படியே அடித்தான். பந்து கோலுக்குள் பலகையில் மோதிய சத்தம் கேட்டது.

சேவியர் திரும்பி என்னைப் பார்த்தான். கோட்டுக்கு வெளியே நின்றிருந்த பேங்க் அதிகாரியும் என்னைப் பார்த்தார். பிறகு சேவியரின் முட்டியைப் பார்த்தார்.

சாயங்காலம் டீக்கடையில், அம்பயர் அந்த ஸ்ட்ரோக்கைக் கொடுத்தது சரியா என்று ஒரே சண்டை. எல்லோரையும்விட அதிகமாக அவரைத் திட்டியது நான்தான்.

"இன்னா மச்சி, ஜெயிச்சது நாம. நீ எதுக்கு அம்பயர திட்டிக்கினுகீற?" என்றான் எங்கள் கிளப் தாஸ்.

அந்த ஆள் மட்டும் விசிலை ஊதாமல் இருந்திருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.