கீழ்வீடு போதும் என்று சொல்லுங்கள்

கிண்ணியா.

அன்புள்ள மருமகன் அர்ஷாக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தோஹா வெயிலில் உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் உங்கள் உம்மாவின் காதுக்கும் போகும். குரல் பதிவு அனுப்பினால் குடும்பக் குழு முழுவதும் சுற்றும். அதனால் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்பும் இன்ஷாப்பின் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். வாசித்ததும் கிழித்துவிடுங்கள்.

கலியாணத்துக்கு முன் முடிக்க வேண்டிய வீட்டு வேலை நன்றாக நடக்கிறது. கீழே ஜன்னல் எல்லாம் பொருத்தியாயிற்று, குசினிக்கு டைல்ஸும் பதித்தாயிற்று. நீங்கள் அனுப்பிய மேல்மாடிப் பல்கனிப் படத்தை மகள் இன்ஷிராவின் வாப்பா பெரிதாக அச்சடித்து, சீமெந்து படாமல் பொலித்தீன் உறையில் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறார். மேலே நின்றால் கொட்டியாரக் குடா தெரியுமாம். ஊரில் பாதிப் பேருக்கு வீடு கட்டிய மேசன், தன் மகளின் வீட்டில் வேறொருவனைச் சாந்துக் கரண்டி பிடிக்க விடமாட்டேன் என்கிறார்.

இனி நீங்கள் அறியாததைச் சொல்கிறேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு அவருக்கு நெஞ்சு நோவு. கல் சுமந்து ஏணியில் ஏறினால் நோகும், உட்கார்ந்தால் விட்டுவிடும். "வாய்வு புள்ள, இஞ்சித் தேத்தண்ணி ஊத்து" என்பார். ஒருவழியாக இழுத்துக்கொண்டு போய் இதயத்தை எக்கோ ஸ்கேன் எடுத்தோம். அந்த இடத்தில் உங்கள் மாமி மகள் வேலை செய்கிறாள் அல்லவா? கதை உங்கள் வீட்டுக்குப் போய்விடும் என்று, அவளைக் கண்டதும் மனிதர் மாறிவிட்டார். நோவே இல்லை, சும்மா பார்க்க வந்தனான் என்று டொக்டரிடம் சொன்னார். படுக்கவைத்துப் பார்த்தார்கள், இதயம் நன்றாக இருந்தது. அன்று மஃரிப் தொழுகைக்கு முன்பே உங்கள் உம்மா போன் எடுத்து, "மச்சானுக்கு ஒண்டும் இல்லையாமே, அப்ப மேல்மாடி வேலையத் தொடங்கலாம்தானே" என்றார். நலம் விசாரித்தாரா, வேலை விசாரித்தாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

நோவு நிற்கவில்லை. போன மாதம் திருகோணமலையில் டொக்டர் லக்சனாவிடம் போனோம். அங்கே தெரிந்த முகம் எதுவும் இல்லாததால் உண்மை வெளியே வந்தது. அவர் இவரை ஓடும் பட்டியில் நடக்கவைத்து, மூச்சு வாங்க வாங்கப் படுக்கப்போட்டு உடனே மறுபடி எக்கோ பார்த்தார். திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இதயச் சுவர் எல்லாம் வேகமாகத் துடிக்க, ஒரு பக்கம் மட்டும் வேலைக்கு வந்து சாய்ந்து நிற்கும் கூலியாள் போலப் பின்தங்கியது. "படுத்திருக்கேக்க போற இரத்தம் போதும் அம்மா, வேலை செய்யேக்கதான் போதாது. இதயத்துக்குப் போற நாடி ஒடுங்கியிருக்க வேணும்" என்றார். அஞ்சியோகிராம் செய்து பார்க்க மட்டக்களப்பில் வரும் சனிக்கிழமைக்குத் திகதியும் எடுத்துத் தந்தார். அதுவரை பாரம் தூக்கக் கூடாது, ஏணியில் ஏறக் கூடாது.

அந்தச் சனிக்கிழமையே மேல்தட்டுக் கொங்கிறீட் போட ஆட்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறார் இவர். அதை முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரியாம். இருதய வருத்தக்காரன் வீட்டுப் பிள்ளை என்று பெயர் வந்தால் நீங்கள் விலகிவிடுவீர்கள் என்று பயப்படுகிறார். இந்தக் கலியாணமே வேண்டாம் என்று இன்ஷிரா அழுதாள். அதன்பிறகு இன்னும் அதிகாலையிலேயே சாரத்தில் ஏறுகிறார். என் கதை அவர் காதில் ஏறாது.

பெண்ணுக்கு வீடு கொடுப்பது நம் ஊர் வழக்கம்தான். நான் இருப்பதும் என் வாப்பா கட்டித் தந்த வீடுதான். ஆனால் என் வாப்பாவிடம் யாரும் மேல்மாடி கேட்கவில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுக்கு மஹர் கொடுக்க வேண்டும் என்கிறது மார்க்கம். இப்போது மாப்பிள்ளை பல்கனிப் படம் அனுப்புகிறார்.

இன்ஷிராவின் வாப்பா கேட்கக்கூடிய சொல் உங்களுடையது மட்டும்தான். வரும் சனிக்கிழமைக்கு முன் அவருக்குப் போன் எடுத்து, கீழ்வீடு போதும், மேலே பிறகு நானே கட்டுவேன் என்று சொல்லுங்கள். நான் எழுதினேன் என்று சொல்ல வேண்டாம். சொல்ல மனமில்லை என்றால் எனக்காவது அறிவியுங்கள். மாப்பிள்ளை இல்லாத வீட்டில் நாங்கள் மூவரும் உயிரோடு இருந்துகொள்வோம்.

அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும் நிறையப் பெண் பிள்ளைகளையும் தருவானாக. அவர்கள் எல்லோருக்கும் வீடு கட்டி முடிக்கும் வரை உங்கள் நெஞ்சு நோகாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மாமி
லைலா ஸஹாப்தீன்