நானூற்றுப் பன்னிரண்டு அடி

என் நர்ஸம்மாவுக்கு,

துவைத்த துணிகளுக்கு நடுவே இதை வைத்து ஆஸ்பத்திரி வாசலில் கொடுத்துவிட்டுப் போகிறேன். போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ கொரோனா வார்டுக்குப் போய் இருபத்து மூன்று நாளாகிறது. கிளம்பும்போது என் கையில் அந்த அடி எண்ணும் வாட்சைக் கட்டிவிட்டு, "உங்களுக்குச் சர்க்கரை இருக்கு. தினமும் மொட்டைமாடில நடங்க. எத்தனை அடின்னு என் போன்ல தெரிஞ்சுடும்" என்றாய். தினமும் எட்டாயிரத்துக்குக் குறையாமல் பார்த்திருப்பாய். அத்தனையும் நம் மகள் அந்த வாட்சைக் கட்டிக்கொண்டு கயிறாட்டத்தில் குதித்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் எழுந்து பார்ப்பேன். என் நடை அவ்வளவுதான்.

முந்தாநாள் போனில், "அந்தக் கவச உடுப்புல நின்னு நின்னு கால் மரத்துப்போகுது. உங்க நடையைப் பாத்தாத்தான் தெம்பா இருக்கு" என்றாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நேற்றுக் காலை லிஃப்ட் ஓடவில்லை. தண்ணீர் கேனோடு ஏறியவன் இரண்டாம் மாடிப் படியிலேயே மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டேன். தேடிக்கொண்டு வந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். தன் கையிலிருந்த வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினாள்.

"அம்மா ஊரையே பாத்துக்கறாங்க. நீங்க உங்களை மட்டும் பாத்துக்கங்கப்பா" என்றாள்.

சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போனேன். நானூற்றுப் பன்னிரண்டு என்று பார்த்திருப்பாய். வாட்ச் கெட்டுப்போகவில்லை. இத்தனை நாளில் நேற்றுதான் அது என் கையில் இருந்தது.

திட்டுவதென்றால் போனில் வேண்டாம். வீட்டுக்கு வந்து திட்டு.

உன் வீட்டுக்காரன்