கும்மாலாங்குக்குப் போன காகம்

சிவமயம்

சுங்கை பினாங்,
பினாங்கு.
18-6-1978

அன்புள்ள மகள் செல்வநாயகிக்கு,

அம்மா எழுதுவது. பிள்ளையார் புண்ணியத்தில் நானும் உன் மகள் வதனியும் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகன் சற்குணமும் அந்த லண்டன் குளிரில் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். காதை மூடாமல் வெளியே போகாதே.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. மருமகனுக்கு வக்கீல் பரீட்சையில் இன்னும் ஒரு பகுதி பாக்கி, உனக்கும் தாதிப் படிப்பு முடிந்த கையோடு பிரசவம் பார்க்கும் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது, அதனால் சொன்னபடி டிசம்பரில் வந்து பிள்ளையை அழைத்துப்போக முடியாது, அடுத்த வருடம்தான் என்று எழுதியிருந்தாய். நல்லது மகளே. படிப்பு தேடி வரும்போது கதவைச் சாத்தக்கூடாது. என்னை ஐந்தாவதோடு நிறுத்தி அடுப்படிக்கு அனுப்பினார்கள். கோயிலில் யார் கண்ணில் பட்டாலும் உன் பேச்சைத்தான் எடுப்பேன். போன வாரம் ஒருத்தி, "அக்கா, உங்க மக லண்டன்ல நர்ஸுன்னு போன வெள்ளிக்கிழமையே சொல்லிட்டீங்க" என்றாள். சொன்னால் என்ன, இரண்டாம் தடவையும் கேட்கட்டும்.

வதனியைப் பற்றிக் கவலைப்படாதே. நடக்கப் பழகிய கையோடு என்னிடம் விட்டுவிட்டுப் போன பிள்ளைக்கு இப்போது ஐந்து வயது. இத்தனை காலத்தில் ஒரு நாளும் உன்னைக் கேட்டு அழுததில்லை. நம் வரிசை வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அது ஆச்சரியம். எனக்குப் பெருமை.

அவள் புத்தியை என்னவென்று எழுதுவேன். சொந்தமாக ஒரு நாடு வைத்திருக்கிறாள். பெயர் கும்மாலாங். அங்கே இருக்கும் பிராணிகளை நான் கதையில் கேட்டதில்லை, கோபுரத்திலும் பார்த்ததில்லை. தொந்தினி என்று ஒன்று. அதற்கு இரண்டு தும்பிக்கை, வயிற்றுக்குள் விளக்கு எரியும். ஈர்க்கி என்று ஒன்று, விளக்குமாற்றுக் குச்சி போல ஒல்லி, கூரை மேலேயே நடக்கும், தலைமுடி எல்லாம் மீ கோரெங் நூடுல்ஸ். அப்புறம் மெத்தை மீன். அது வானத்தில் நீந்தும், முதுகில் படுத்து ஊர் விட்டு ஊர் போகலாம். உன்னைத்தான் அந்த நாட்டுக்கு ராணியாக்கியிருக்கிறாள். மருமகனுக்கு மெத்தை மீன் ஓட்டும் வேலை. உன் அப்பா அங்கே ஸ்டேஷன் மாஸ்டர். ரயில்வேயில் முப்பது வருடம் குமாஸ்தாவாகவே இருந்த மனிதருக்குப் பேத்தி கொடுத்த பிரமோஷன்.

ஒரு சட்டம் மட்டும் கண்டிப்பு. நிஜ மிருகம் எதுவும் கும்மாலாங்குக்குள் வரக்கூடாது. ஆடு, கோழி, நாய், காகம், ஒன்றும் கூடாது. பக்கத்து வீட்டு நூர்ஜான் சுவர் மேலே எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுப் பூனைக்கு மட்டும் ஒரு பாஸ்போர்ட் கொடுடி, ஒரு நாள்தான் லா, சுத்திப் பார்த்துட்டு வந்திடும்" என்று கெஞ்சினாள். உன் மகள் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "முடியாது மாமி. அங்க போனா அது இங்க இருக்காது" என்றாள். நூர்ஜான் சிரித்த சிரிப்பில், சாப்பாட்டுக் கடையிலிருந்து அப்போதுதான் வந்த அவள் புருஷன் மீரா சாகிப் என்ன ஏது என்று ஓடி வந்தார்.

பாலிக் புலாத் தோட்டங்களிலிருந்து டுரியான் பழம் வரத் தொடங்கிவிட்டது. உன் பங்கையும் நானே சாப்பிடுகிறேன். அவசரப்படாமல் ஆறுதலாகப் படி. இங்கே ஒரு குறையும் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா
க. கமலாம்பிகை


சிவமயம்

சுங்கை பினாங்,
6-8-1978

என் மகள் செல்வநாயகிக்கு,

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்குக் காய்ச்சல் இல்லை, விழவில்லை, அடிபடவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள். பயப்படாமல் உட்கார்ந்து வாசி.

வியாழக்கிழமை ஆடி அமாவாசை. அப்பா இல்லாதவர்கள் பிடிக்கிற விரதம். நீ அங்கே ஆஸ்பத்திரி டியூட்டியில் இருப்பாய் என்று உன் பேரில் நானே உன் அப்பாவுக்குப் படைத்தேன். வாழைக்காய்ப் பொரியல், பூசணிக்காய்க் கறி, பருப்பு, வடை, பாயசம். பின்வாசல் சுவரில் இலைத் துண்டு போட்டு, எல்லாவற்றிலும் கொஞ்சம் வைத்துக் காகத்தைக் கூப்பிட்டேன். வதனி என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாருக்கு என்று கேட்டாள். தாத்தாவுக்கு என்றேன். தாத்தா எப்படிச் சாப்பிடுவார் என்றாள். காகம் கொண்டுபோய்க் கொடுக்கும் என்றேன். நாம் எல்லோரும் பிள்ளைகளுக்குச் சொல்வதுதானே.

அவள் கண் இப்படி விரிந்து நான் பார்த்ததில்லை. "அப்ப காகம் கும்மாலாங்குக்குப் போகுமா? போயிட்டுத் திரும்பியும் வருமா?" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, ஆமாம், தினமும் போய் வரும் என்றேன். சட்டத்தை அங்கேயே மாற்றிவிட்டாள். காகம் மட்டும் வரலாம். தொந்தினி அதற்கு வயிற்று விளக்கால் வழி காட்டுமாம். ஈர்க்கி கூரையில் இடம் விடுமாம். எனக்கு ஒரே பெருமை. நூர்ஜானைக் கூப்பிட்டு, உன் பூனைக்கு முன்னால் காகத்துக்குப் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது பார் என்றேன்.

நான் பேசி முடிப்பதற்குள் பிள்ளை உள்ளே ஓடித் தன் வடையையும் ஒரு கரண்டி பாயசத்தையும் கொண்டுவந்து, தாத்தாவின் இலைக்குப் பக்கத்திலேயே வைத்து, என்னைப் போலவே தலையை நிமிர்த்திக் கா கா என்று கூப்பிட்டாள். இது யாருக்கடி என்றேன். "எங்க அம்மாவுக்கு. அப்பாவும் அதுல பாதி சாப்பிடட்டும்" என்றாள்.

மகளே, கேட்டாயா. உயிரோடு இருக்கிற உனக்கு அமாவாசைச் சோறு. அதற்குள் ஒரு காகம் வந்து இறங்கிவிட்டது. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு ஓடினேன். அது வடையோடு பறந்துவிட்டது. வந்த ஆத்திரத்தில் பிள்ளையின் கையில் ஒரு அடி வைத்துவிட்டேன். அவளுக்கு ஏன் அடித்தேன் என்று புரியவில்லை. அழவும் இல்லை. "தாத்தாவும் போட்டோவுல இருக்காங்க, அம்மாவும் போட்டோவுல இருக்காங்க. தாத்தாவும் வரல, அம்மாவும் வரல. தாத்தாவுக்கு மட்டும் சோறு வைக்கிறீங்க. அம்மாவுக்குப் பசிக்காதா அம்மம்மா?" என்றாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் நூர்ஜான் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, குழந்தைய உள்ள கூட்டிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாள்.

ராணி, ராணி என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேனே, எந்த நாட்டுக்கு ராணி என்று எனக்கு விளங்கவில்லையே. ஏன் அழவில்லை என்பதும் அன்றுதான் விளங்கியது. தாத்தாவைக் கேட்டு யாராவது தினமும் அழுவார்களா.

மறுநாள் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் உன் பேருக்கும் மருமகன் பேருக்கும் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தேன். குருக்கள், குழந்தை வைத்த சோற்றுக்குத் தோஷம் கிடையாது என்றார். அந்தப் பயம் போய்விட்டது. மற்றது போகவில்லை.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கும்மாலாங்கில் இல்லை, லண்டனில் இருக்கிறாள், அது நிஜமான ஊர் என்றேன். என்னை நம்பவில்லை. "லண்டன்ல பூனை இருக்கா?" என்று கேட்டாள். நான் என்னத்தைக் கண்டேன். மீரா சாகிப் முன்பு கப்பலில் சமையல் பார்த்தவர், அங்கே போயிருக்கிறார். அவரிடம் அழைத்துப்போனேன். அவர் ரொட்டி மாவு பிசைந்த கையோடு குந்தி உட்கார்ந்து, "பூனை இருக்கு, நாய் இருக்கு, மாடு இருக்கு. காக்காவும் இருக்கு, நம்ம காக்காவ விடப் பெரிசு. என் கையில இருந்த ரொட்டிய ஒரு நாள் பிடுங்கிட்டுப் போயிருச்சுமா" என்றார். வதனி அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "மாமா சொல்றது சும்மாவா இருந்தா?" என்று என் காதில் கேட்டாள்.

அதனால் நீ ஒன்று செய். இனி அவளுக்குப் பொம்மை அனுப்ப வேண்டாம். அரண்மனை, மணிக்கூண்டு படம் போட்ட அட்டையும் வேண்டாம். அதையெல்லாம் பார்த்து, கும்மாலாங் எவ்வளவு அழகு என்கிறாள். நீ கண்ணால் பார்த்த மிருகத்தை எழுது. பஸ் நிற்கும் இடத்து நாய், ஆஸ்பத்திரி சமையல்கட்டுப் பூனை, எதுவாக இருந்தாலும் சரி. பெரிய எழுத்தில் தமிழில் எழுது, நான் வாசித்துக் காட்டுகிறேன்.

இன்னொன்று. போன கடிதத்தில் ஆறுதலாகப் படி என்று எழுதினேன். அதை எழுதியவள் ஒன்றும் தெரியாதவள் என்று வைத்துக்கொள். பிரசவப் படிப்பு அடுத்த வருடமும் இருக்கும். டிசம்பரில் வா. உன்னை நான் ஒரு நாளும் இப்படிக் கேட்டதில்லை.

உன் அம்மா
கமலாம்பிகை


சிவமயம்

சுங்கை பினாங்,
22-10-1978

என் செல்ல மகளுக்கு,

தீபாவளி ஆசீர்வாதம். நீங்கள் இருவரும் தலைக்கு எண்ணெய் வைத்துத்தான் குளிக்க வேண்டும். குளிர் என்று சாக்குச் சொல்லாதே, தண்ணீரைச் சுட வைத்துக்கொள்.

நீ எழுதிய மிருகக் கடிதங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் உன் மகள் வாசலில். ஆஸ்பத்திரிப் பூனை, அணில், பால்காரர் நாய் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். ஆனால் அந்த முள்ளெலியை வைத்து இங்கே பெரிய வழக்கே நடந்தது. உடம்பெல்லாம் முள், பந்து போலச் சுருண்டுகொள்ளும், பின்வாசலில் பால் குடிக்க வரும் என்று நீ எழுதினாய் அல்லவா. "இது கும்மாலாங் பிராணி, அம்மம்மா" என்று ஒரே பிடிவாதம். மீரா சாகிப் கடையில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவரிடமும் பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டாள். கடைசியில் ஒரு வாத்தியார் தன் பிள்ளையின் புத்தகத்தைக் கொண்டுவந்து படம் காட்டினார். அப்புறமும் அரை மனதுதான்.

அவளைத் திருப்பியது நரி. குப்பைத் தொட்டியைக் கவிழ்த்துக் கோழி எலும்பைத் தின்றது, நீ செருப்பை எறிந்தாய், செருப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்று எழுதியிருந்தாயே. அதை மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு நூர்ஜானிடம் போய், "மாமி, தொந்தினி குப்பை சாப்பிடாது. நரி குப்பை சாப்பிடுது. அப்ப லண்டன் நிஜம். எங்க அம்மாவுக்கு ஒரு செருப்பு இல்ல" என்றாள். நூர்ஜான், "அப்ப ஒத்தக் காலோட நொண்டிக்கிட்டுதான் வரப்போறாங்க உங்க அம்மா" என்று வம்புக்கு இழுத்தாள். பாசாருக்குச் சாமான் வாங்கப் போனபோது, உனக்கு ஒரு ஜோடி வாங்கியே ஆக வேண்டும் என்று அடம். கால் அளவு தெரியாமல் என் காலுக்கு வாங்கி வைத்திருக்கிறோம்.

கும்மாலாங்கில் இப்போது கதவு திறந்து கிடக்கிறது. நூர்ஜான் பூனை, எதிர்வீட்டு ஆடு, உன் நரி, முள்ளெலி எல்லாம் போய் வருகின்றன. பள்ளிவாசலில் சாயங்கால மஃரிப் பாங்கு சொல்வதற்குள் எல்லாம் அவரவர் வீடு திரும்பிவிட வேண்டும், அது புதுச் சட்டம். ராணி இல்லாத நாடாகிவிட்டது. ராணி எங்கே என்று கேட்டேன். "அவங்க லண்டன்ல டியூட்டி பார்க்குறாங்க" என்றாள். தாத்தா மட்டும் அங்கேயே ஸ்டேஷன் மாஸ்டர். அது இருக்கட்டும்.

நேற்றுச் சாயங்காலம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். கண்ணில் சோப்பு பட்டதோ என்னவோ, அம்மா வேண்டும் என்று தொடங்கினாள். ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. நூர்ஜான் வந்து தூக்கிப் பார்த்தாள், மீரா சாகிப் ரொட்டி கொண்டுவந்து நீட்டினார், எதற்கும் மசியவில்லை. வரிசையில் எல்லோரும் பிள்ளைக்கு என்ன ஆயிற்று என்று எட்டிப் பார்த்தார்கள். அவள் அம்மாவைக் கேட்டு அழுகிறாள் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். நீ பரீட்சை பாஸ் பண்ணியபோதுகூட நான் இவ்வளவு சந்தோஷமாகச் சொன்னதில்லை.

டிசம்பரில் வருகிறாய், பொங்கல் கழிந்து அவளைக் கூட்டிக்கொண்டு போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். அதுதான் சரி. அவளுக்குக் கம்பளிச் சட்டை பின்னத் தொடங்கிவிட்டேன். கை கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, வளர்கிற பிள்ளைதானே. வந்து இறங்கியதும் ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே. கொஞ்சம் தள்ளி உட்கார். அவளே வந்து உன் காலைப் பார்ப்பாள்.

அங்கே போன பிறகு அம்மம்மா அப்படி, அம்மம்மா இப்படி என்று அவளிடம் பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம். வாரம் ஒரு கடிதம் எழுதுவேன், அதை வாசித்துக் காட்டினால் போதும். முழங்கால் வலி, குழம்பு அடிபிடித்தது, பால்காரனோடு சண்டை, இப்படித்தான் எழுதுவேன். ஒரு விசேஷமும் இருக்காது. இருந்தாலும் ஒன்று விடாமல் வாசி. தூங்கி வழிந்தாலும் எழுப்பி வாசி.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் ஒரே வீட்டில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிள்ளையார் துணை.

உன் அம்மா
கமலாம்பிகை