உங்கள் பக்கத்தில் நான் சிவப்பு

பாய்,

நேற்று மகள் கல்யாணத்துக்காகச் சட்டைக்கு அளவு கொடுக்கப் போனேன். "முழுக்கையா, அரைக்கையா?" என்ற தையற்காரர் என் கையையே பார்த்தார். "அரைக்கை" என்றேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, என் வாயில் பேசியது நீங்கள்.

டயாலிசிஸ் அறையில் எனக்குப் பக்கத்துப் படுக்கை உங்களுடையது. கடைத்தெருவில் லுங்கிக் கடை வைத்திருந்தீர்கள். பழைய போட்டோவில் பால்கோவா நிறம். நேரில் கரி படிந்த ஈயப் பாத்திரம். நானோ பிறவிக் கறுப்பு. அதனால் என் நிறம் மாறியதே எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. வெயில்தான் காரணம் என்று நான் ஓட்டும் ஆட்டோவுக்குத் திரை கட்டினேன். அதற்கும் அடங்காததால் மகளுடைய சிவப்பழகு கிரீமை எடுத்துப் பூசினேன். அரிப்புதான் ஜாஸ்தியானது.

இதைக் கேட்டு நீங்கள் குலுங்கிச் சிரித்ததில் உங்கள் மிஷின் கத்த, நர்சம்மா ஓடி வந்தார்.

"யோவ், மேல பூசி இன்னா பண்ணுவே? ரத்தத்துல இருக்கிற அழுக்கை மிஷின் முழுசா கழுவாது. மீதி தோல்ல வந்து குந்திக்குது. டாக்டரே சொன்னாரு" என்றீர்கள்.

பத்தாவதில் கோட்டை விட்ட எனக்கே புரிந்துவிட்டது.

பிறகு மகளைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். இந்த முகத்தையும், ஊசி போட்டுப் போட்டுப் புடைத்த நரம்பையும் பார்த்தால் பரம்பரை வியாதி என்று எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம். அப்பா இடத்தில் என் தம்பியை உட்காரவைத்துவிட்டு, அவர்களை பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவரும் ஆட்டோக்காரனாக நான் வாசலில் நின்றுவிடுவது என்று திட்டம். வேஷம்கூடத் தேவையில்லை.

அதற்கு மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. "பெத்தவன் வாசல்ல நிக்கிறதா?" என்றீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கூப்பிடாமலே வந்தீர்கள், வெள்ளை அரைக்கைச் சட்டையில். வாசலில் நின்ற என்னைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் நடுக்கூடத்தில் உட்காரவைத்து, ஒட்டி உட்கார்ந்து, காதில் சொன்னீர்கள்: "என் பக்கத்துல நீ செகப்பா தெரிவே. கம்முனு இரு."

பையனின் அம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அண்ணன் தம்பிங்களா?"

"மிஷின் அண்ணன் தம்பிம்மா. டயாலிசிஸ்ல பக்கத்துப் பக்கத்து பெட்டு. கிட்னி போச்சுன்னா சில பேருக்கு இந்தக் கலர் வந்துடும். ஒட்டிக்காது, பயப்படாதீங்க."

என் மகள் காபித் தட்டோடு வந்தாள். நமக்கு மட்டும் அரை டம்ளர்.

"அப்பாவுக்கு ஏம்மா பாதி?" என்றார் அந்த அம்மா.

"அவருக்குத் தண்ணி கம்மியாத்தான் குடுக்கணுங்க."

"அப்ப எங்க வீட்டுக்கு வந்தாலும் எவ்ளோன்னு நீதான் சொல்லணும்" என்றார் அவர்.

நீங்கள் என் தொடையைக் கிள்ளினீர்கள். வலித்தது. அதனால்தான் கண் கலங்கியது என்று தம்பியிடம் சொல்லி வைத்தேன்.

மழைக்காலத்தில் ஒருநாள் நான் போனபோது உங்கள் படுக்கை காலியாக இருந்தது. நர்சம்மா என் முகத்தைப் பார்க்காமல் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்.

வருகிற முகூர்த்தத்தில், தாரை வார்க்கும்போது, மகளின் மருதாணிக் கை என் கையில் இருக்கும். மண்டபமே பார்க்கும். என்னைச் சிவப்பாகக் காட்டப் பக்கத்தில் நீங்கள் இருக்கமாட்டீர்கள்.

நான் உட்காருவேன், பாய்.