மாடித் தொட்டிகளில் பூத்த உப்பு

என் கஸ்தூரிக்கு,

அண்ணி என்று எழுத இப்பவும் கை வரமாட்டேன் என்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என் அண்ணனைக் கட்டிக்கொண்டதும் மரியாதை தானாக வந்துவிடுமா? நாலு பேர் முன்னால்தான் நீ அண்ணி. இங்கே கஸ்தூரியாகவே இரு.

நீ எங்களையெல்லாம் விட்டுப் போனது அடைமழையில். இப்போது பங்குனி வெயில் கொளுத்துகிறது, பாத்திகளில் உப்பு விளைய ஆரம்பித்துவிட்டது. அண்ணன் இருட்டு பிரிவதற்குள் உப்பளத்துக்குப் போய்விடுகிறார். நான் வாக்கப்பட்ட அனுமந்தையில் குழம்பை அடுப்பில் வைத்துவிட்டு, அதை இறக்கினேனா இல்லையா என்றுகூட நினைப்பில்லாமல் உங்கள் வீட்டுக்கு வர மரக்காணம் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறேன். எல்லாம் உன் தொட்டிகளால்தான்.

கிளியனூரிலிருந்து மண் தொட்டி வாங்கிவந்து, உப்புத்தாளால் தேய்த்து, வெள்ளை பிரைமர் அடித்து, மாடியில் உட்கார்ந்து நீ வரைந்தாயே, அந்த மீன்கள் உதிர்கின்றன. கண்ணாடிச் சில்லு பதித்த செதில்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. பெயின்ட் கொப்பளித்துப் பொரி மாதிரி நிற்கிறது. போன மாதம் பார்த்தபோது மட்டமான பெயின்ட் என்று நினைத்து, பாண்டிச்சேரி கடைக்காரனை மனசுக்குள் கிழி கிழி என்று கிழித்தேன். அவன் மேல் ஒரு தப்பும் இல்லை.

ராத்திரி அங்கேயே தங்கியதால், மறுநாள் விடியற்காலை உப்பளத்துக்குக் கிளம்பும் முன் அவர் செய்வதைக் கண்ணால் பார்த்தேன். அண்ணன் போர் மோட்டாரைப் போட்டு, ஹோஸை மாடிக்கு இழுத்துவந்து, தொட்டி தொட்டியாக நிரப்பினார். நம் போர் தண்ணி வாயில் வைக்க விளங்காது, அவ்வளவு உப்பு. நீ ஊற்றியது தெருக்குழாயில் வருகிற நல்ல தண்ணி. அந்த நேரத்தில் அவர் உப்பளத்தில் இருப்பார், அவருக்கு எப்படித் தெரியும்? தொட்டியில் இருப்பது நித்தியகல்யாணி. எந்தத் தண்ணிக்கும் பூத்துத் தொலைக்கிற செடி. அதனால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.

உப்புத் தண்ணியைக் கட்டி, வெயிலில் காயவிட்டு உப்பு எடுக்கிற மனுஷன் அவர். உன் தொட்டியிலும் அதையேதான் செய்துகொண்டிருந்தார். மண் வழியாகக் கசிந்த தண்ணி வெயிலில் காய்ந்து, உப்பு உன் மீன்களை வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் தொட்டியிடம் பேசினார். “இன்னிக்கும் வெயில் ஜாஸ்தியா இருக்கும் கஸ்தூரி, இன்னும் கொஞ்சம் ஊத்தறேன்.”

நீ போனதிலிருந்து எங்கள் யாரிடமும் அவர் முழுசாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. அதை நிறுத்தச் சொல்வதா? சொல்லாமல் விட்டால் உன் கை வரைந்தது ஒன்றும் மிஞ்சாது. சொன்னால் இவர் மிஞ்சுவாரா? வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. என் வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை. “ஒண்ணு போய் சொல்லிட்டு வா, இல்ல சும்மா கெட. ஏன் இப்படி வீட்டுக்குள்ளயே நடந்துக்கினு இருக்க?”

ஞாயிற்றுக்கிழமை போனேன். மாடியில் அண்ணன் உதிர்ந்த சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் சொல்வதற்குள்ளாகவே, தொட்டியில் பூத்திருந்த வெள்ளையை விரலால் வழித்து, உப்பளத்தில் செய்கிற மாதிரி நாக்கில் வைத்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“செல்வி, இது நம்ம போர் தண்ணி.”

“ஆமாண்ணா.”

“நான்தான் அழிச்சிட்டேனா?”

அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை கஸ்தூரி. என்ன செய்வேன்? பழியை உன் மேல் போட்டேன். “அவ மேலயும் தப்பு இருக்குது. வரைஞ்சு விக்கிற தொட்டிக்கெல்லாம் தண்ணி கசியாம உள்பக்கம் ரெண்டு கோட்டிங் அடிச்சா. சொந்த வீட்டுத் தொட்டின்னா மட்டும் சோம்பேறித்தனம்.”

“அவள சொல்லாத!”

மாடியில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்தது. அப்படி ஒரு சத்தம். “சோம்பேறியா அவ? வேலைக்குப் போயிட்டு வந்து, ஆக்கிப் போட்டு, அதுக்கப்புறம் உக்காந்து வரைஞ்சா. நம்ம வீட்டுதுதானே, அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டிருப்பா.” சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்தார். உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குக்கூட அழாதவர். நானும் அழுதேன். உன்னைத் திட்டியதற்கு என்னை மன்னிக்கச் சொல்ல மாட்டேன். அந்தத் திட்டு வேலை செய்தது.

மறுநாளே செடிகளைப் பக்கெட்டுக்கு மாற்றிவிட்டோம். தொட்டிகள் நிழலில் உலர்கின்றன. உலர்ந்ததும் உள்பூச்சு அவர் அடிப்பாராம். மீன்களை நான் சரிசெய்யட்டும் என்று புது பெயின்ட்டும் வாங்கிவந்தார். பிரஷ்ஷைத் தோய்த்துப் பக்கத்தில் கொண்டுபோனேன், திரும்ப டப்பாவிலேயே வைத்துவிட்டேன். பாதி மீனை நான் வரைந்தால் அது யாருடைய மீன்? நீயே சொல்லேன்.

இதையெல்லாம் விட ஒன்று என்னைக் குடைகிறது. நேற்று அண்ணன் உப்பளத்திலிருந்து பாதியில் வந்து, செடிகளுக்காகத் தெருக்குழாயில் வரிசையில் நின்று நல்ல தண்ணி பிடித்தார். குடத்தை இடுப்பில் வைக்கத் தெரியாமல் தோளில் ஏற்றி, பாதியைச் சட்டையில் கொட்டிக்கொண்டு, மாடிப்படி நடுவில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. “தெனமும் இதையா தூக்கினா? அதுவும் அந்த நோவு உடம்ப வெச்சிக்கினு? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலயே செல்வி.”

என்னிடமும் சொல்லவில்லையே நீ. ஏன்?

செதில் விழுந்த இடத்தில் நான் பிரஷ் வைக்க மாட்டேன் கஸ்தூரி. அது வெறும் மண்ணாகவே இருக்கட்டும். மிச்சமிருக்கிற மீன்கள் மேல் வார்னிஷ் மட்டும் அடிப்பேன், ஒரு செதில்கூட இனி விழ விடமாட்டேன். தண்ணிக் குடத்தை மட்டும் யாரிடமும் கொடுக்க மாட்டேன் என்கிறார் உன் வீட்டுக்காரர். இன்றைக்கும் நடுப்படியில் நின்றார். கைகொடுக்கப் போனேன், வேண்டாம் என்றுவிட்டார்.

உனக்கு நாத்தனார் ஆவதற்கு முன்பே உன் தோழியான,
செல்வி