பெயரில்லாத நோய்க்கு ஒரு சாட்சி

அக்கா,

இன்று காலை பக்கத்து வீட்டில் குடம்புளி போட்டு மீன் கறி கொதித்தது. வாசம் ஜன்னல் வழியாக வந்ததும் என் தொண்டை இறுகிக்கொண்டது. கையில் இருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். இறங்கியது. நம்பிக்கை வராமல் இன்னொரு தடவை விழுங்கினேன். மீன் கறி வாசத்துக்குப் பயப்படுகிறவள் மட்டாஞ்சேரி முழுக்கத் தேடினாலும் நான் ஒருத்திதான் இருப்பேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் அது தொடங்கியது. சுக்குக் கிடங்கில் நாம் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தரம் பிரித்துக்கொண்டிருந்த காலம். காலையில் நானும் எல்லோரையும் போலத்தான் இருப்பேன். உச்சிவேளை நெருங்கினால் கண் இமை தானாகச் சரியும். முறத்தைத் தூக்கிய கை பாதியில் நின்றுவிடும். பேச்சு மூக்கு வழியாக வரும். கொஞ்ச நேரம் படுத்து எழுந்தால் தெளிந்துவிடும். அதுதான் வினை. படுத்தால் சரியாகிற நோய் என்ன நோய் என்று மேஸ்திரி கேட்டார். சோம்பேறிக்கு இந்த ஊர் மலையாளத்தில் சொல்கிற 'மடிச்சி' என்ற பெயரையும் எனக்கு வைத்தார். ஒரு நாள் கிடங்குப் படியில் கூடையோடு உருண்டேன். அதோடு வேலையும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். அங்கே சீட்டு கொடுப்பதே காலையில்தான். டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். கண்ணைத் திறந்து மூடச் சொன்னார், செய்தேன். "ஒரு குழப்பமும் இல்ல", உடம்பில் ஒரு கோளாறும் இல்லை என்று டானிக் எழுதினார். அடுத்தவர் ரத்தம் குறைவு என்றார். மூன்றாமவர், பம்பாய்க்கு வேலை தேடிப் போன என் வீட்டுக்காரர் கடிதம் போடுவதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்துகொண்டதும், எல்லாம் மனக்கவலை என்று முடித்துவிட்டார். உண்மையிலேயே நான் நடிக்கிறேனோ என்று எனக்கே பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தை உங்கள் ஒருவரிடம்தான் சொன்னேன். "நடிக்கிறவளுக்கு எச்சில் ஒழுகுமா டீ?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் என் வாயைத் துடைத்துவிட்டீர்கள்.

வேலை செய்ய முடியாதவர்களுக்கு அரசாங்கம் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறது என்று ரேஷன் கடையில் கேட்டு வந்ததும் நீங்கள்தான். மனு கொடுத்தோம். நோய்க்கு டாக்டர் சான்று இல்லாததால் வீட்டுக்கு ஆள் வந்து பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார் என்றார்கள். அது கிடைக்காவிட்டால் எட்டாவது படிக்கிற என் மகள் கிடங்கில் என் இடத்தில் போய் உட்கார வேண்டியதுதான். மேஸ்திரி ஏற்கெனவே அவளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்.

அதிகாரி வந்த நாளில் நான் செய்த கூத்தை நினைத்தால் இன்றும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. நம் வீடுகளில் வந்தவருக்கு வீட்டுக்காரி கையால்தானே காப்பி கொடுக்க வேண்டும்? வெளியூரில் பிழைக்கிற நமக்கு அந்த மரியாதை ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். விடிந்ததும் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, தலையில் பூ வைத்து, வாசலைக் கழுவிக் கோலமும் போட்டுவிட்டேன். காலை நேரமாயிற்றே, உடம்பு சொன்னபடி கேட்டது. அவர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்ததும் நுரை பொங்க ஆற்றிய காப்பியை நீட்டினேன். பெண் பார்க்க வந்தவர்களைக்கூட யாரும் அப்படி உபசரித்திருக்க மாட்டார்கள்.

அவர் காப்பியைக் குடித்துக்கொண்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். "அசுகத்திண்டெ பேரு எந்தா?" என்று கேட்டார். நோய்க்குப் பெயர் கேட்கிறார். எனக்குத் தெரியவில்லை. "பேரும் இல்ல, சீணமும் இல்ல. பின்னே நான் எந்தா எழுதுக?" என்று பேனாவை மூடினார். சீணம் என்றால் தளர்ச்சி; அது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்த வீட்டு வாசலில் நின்ற உங்களிடம் திரும்பி, பொய் சாட்சி சொன்னால் போலீஸ் கேஸ் ஆகும் என்றும் சொல்லிவைத்தார்.

காக்கிச் சட்டை போட்ட தபால்காரரைப் பார்த்தாலே உள்ளே போய்விடுகிறவர் நீங்கள். போலீஸ் என்றதும் ஒரு படி பின்னால் போனீர்கள். ஆனால் மழை பிடித்துக்கொண்டதும் நீங்கள் படியிறங்கி வந்தீர்கள். "சாரே, இந்த மழையில எங்க போறது? எங்க வீட்ல ஊணு கழிச்சிட்டுப் போனா மதி. இது அவ வீட்டுச் சோறு இல்ல, என் வீட்டுச் சோறாக்கும்" என்று அவரைச் சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள்.

அவர் வேண்டாம் என்றார். மழை விடவில்லை. மீன் கறி வாசமும் விடவில்லை. உங்கள் வீட்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நீங்கள் என் கையைப் பிடித்து உங்கள் சமையல்கட்டுக்கு இழுத்துப் போனீர்கள். "பைத்தியக்காரி, இப்படி சிங்காரிச்சு நின்னா யாரு டீ நம்புவா? இந்தா, தேங்கா அரை. உக்காந்து சாயாதே. ஓய்வெடுத்தா தெளிஞ்சிடுவே."

அரைத்தேன். தண்ணீர் இறைத்தேன். மறுபடியும் அரைத்தேன். ஒருநாளும் கேட்காத வரத்தை அன்று கேட்டேன் அக்கா. என் உடம்பு என்னைக் கைவிட வேண்டும், அவர் கண் முன்னாலேயே கைவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கைவிடாமல் போய்விட்டால் மகளின் படிப்பு போயிற்று. கைவிட்டால் அது எங்கே போய் நிற்குமோ தெரியாது. இரண்டுக்கும் பயந்துகொண்டே குழவியைத் தள்ளினேன். நீங்களும் அடுப்பைப் பார்க்கிற சாக்கில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

இமை சரிந்தது. குழவி கையில் நிற்கவில்லை. பெஞ்சில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "இது அபிநயமோ?" என்றார். நீங்கள் அடுப்பை விட்டு எழுந்தீர்கள். அவருக்கு இலை போட்டுப் பரிமாறினீர்கள். காலையிலிருந்து பட்டினி கிடக்கிறாளே என்று எனக்கும் ஒரு தட்டில் அதே மீன் கறியை ஊற்றிப் பிசைந்து கொடுத்தீர்கள். முதல் கவளம் வாய்க்குள் போனது. தொண்டை அதை வாங்கிக்கொள்ளவில்லை. இருமலாம் என்றால் இருமவும் வரவில்லை. மூச்சு இழுத்தால் சோறுதான் உள்ளே வந்தது. கத்துவதற்குக் குரல் இல்லாமல் தரையில் அடித்தேன்.

அதன் பிறகு எனக்கு நினைவிருப்பது உங்கள் விரல்கள். என் வாய்க்குள் கையை விட்டுத் தோண்டி எடுத்தீர்கள். எச்சில் கையோடு அவர் எழுந்து நின்று தண்ணீர் கொடுக்கச் சொல்லிக் கத்துகிறார். "தண்ணி குடுத்தா செத்துருவா சாரே!" என்று நீங்கள் அவரைவிட உரக்கக் கத்துகிறீர்கள். உங்களுக்கு அவ்வளவு பெரிய குரல் உண்டென்று அன்றுதான் தெரிந்தது.

அவர் நல்லவர். அதற்கு மேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. கை கழுவிவிட்டு வந்து, நோயின் பெயர் தெரியவில்லை, ஆனால் உச்சிக்கு மேல் இவருக்குக் கண் திறக்கவும் பேசவும் விழுங்கவும் முடியவில்லை, நேரில் கண்டேன் என்று எழுதினார். நீங்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டீர்கள். அவர் தெருமுனை திரும்பும் வரை நின்றுவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அழுதீர்கள். "உன்னக் கொல்லப் பாத்தேனே மோளே" என்று சொல்லிச் சொல்லி அழுதீர்கள்.

உதவித்தொகை வந்தது. மகள் படித்தாள். ஆனால் அன்றிலிருந்து நீங்கள் என்னைத் தனியாகச் சாப்பிட விட்டதே இல்லை. கிடங்கிலிருந்து மதியம் ஓடி வருவீர்கள், கஞ்சியை மசித்துக் கொடுத்து எதிரில் உட்கார்ந்து என் தொண்டையையே பார்ப்பீர்கள். "எறங்கிருச்சா? எறங்கிருச்சா?" என்று ஒவ்வொரு வாய்க்கும் கேட்பீர்கள். சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

நீங்கள் போன மறு வருடம்தான் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் என்னைச் சாயங்காலம் வரை உட்காரவைத்துப் பார்த்தார். நோய்க்குப் பெயர் சொன்னார், மருந்து கொடுத்தார். பெயர் கிடைத்த சந்தோஷத்தில் அன்று நடந்ததை எல்லாம் அவரிடம் சொன்னேன். நம் சாமர்த்தியத்தைக் கேட்டு அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் முகம் மாறிவிட்டது. இந்த நோய்க்காரரை ஓயவிடாமல் வேலை வாங்கினால் மூச்சே நின்றுபோகலாம், பிறகு விரலைவிட்டு எடுக்க ஒன்றும் இருக்காது என்றார்.

உங்களைப் பறிகொடுத்து ஒரு வருடமாக அழுதுகொண்டிருந்தவள், அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நல்லவேளை அக்கா இல்லை என்று நினைத்தேன். ஒரு கவளம் சிக்கியதற்கே ஆயுசு முழுக்க என் எதிரில் உட்கார்ந்தவர் நீங்கள். இது தெரிந்திருந்தால் ஒரு நாள்கூடத் தூங்கியிருக்க மாட்டீர்கள். இப்போதும் படிக்க நீங்கள் இல்லை என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன். என் மகளுக்கு இது தெரியாது. அவள் படிப்பு உங்களால் வந்தது என்பது மட்டும் தெரியும். அது போதும். நீங்கள் படவேண்டிய பயத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொள்கிறேன்.